ஐந்து நிமிடம் காத்திருக்கவும்

பூந்தமல்லியில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துத் தருகிறார். கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். டிசைன் போடுவது விண்டோஸில். போட்டதையெல்லாம் சேர்த்து வைப்பது ஒரு பழைய லினக்ஸ் பெட்டியில். இரண்டையும் நெட்வொர்க்கில் இணைத்துக் கொடுத்தவன் நான். வானகரம் ஃபிளாட்டில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவனுக்குக் கடைத்தெருவில் மரியாதை கிடைத்தால் தலை கால் புரியாது. எனக்கும் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பாய் போன் செய்தார்.

"சார், அந்த ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்னு வருது. கஸ்டமர் வந்து உக்காந்துகினு கீறாரு."

போனேன். டிசைன் போடும் பெண் நாற்காலியை விட்டு எழுந்தாள். ஆறு வருடமாக அங்கே வேலை செய்கிறவள். உட்காருவதற்கு முன்பே கேட்டேன்: "எதைத் தொட்டீங்க?"

"எதையும் தொடல சார். நேத்து மூடிட்டுப் போனதுதான்."

"தொடாம எப்படிம்மா போகும்?"

பாய் அவளிடம் திரும்பினார். "தெரியாததுல கை வெக்காதேன்னு எத்தினி தபா சொல்லிகீறேன்? போய் பத்திரிகைய கவர்ல போடு."

கஸ்டமர் எதிரிலேயே சொன்னார். அவள் போய்க் கவர்களை எடுத்துக்கொண்டாள்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ஃபைல் பகிரும் சர்வீஸை நிறுத்தி ஓடவிட்டேன். பிறகுதான் உறைத்தது. முந்தின நாள் கடை மூடுகிற நேரத்தில், வீட்டிலிருந்தபடியே லினக்ஸுக்குள் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றியது நானேதான். ஆபீஸில் பாதுகாப்புப் பயிற்சி முடித்த வேகம். விண்டோஸ் பாவம், சேமித்து வைத்திருந்த பழைய பாஸ்வேர்டையே கொடுத்துக்கொண்டிருந்தது.

புதியதைக் கொடுத்தேன். ஃபோல்டர் திறந்தது.

"இன்னா சார் ஆச்சு?" என்றார் பாய்.

கஸ்டமரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நெட்வொர்க்ல சின்னக் கோளாறு பாய்," என்றேன். அதோடு நின்றிருந்தால்கூட இன்று இவ்வளவு கூசாது.

கிளம்பும்போது அவள் அருகில் வந்து மெல்லக் கேட்டாள். "நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க சார். இனிமே பண்ண மாட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "லினக்ஸ் பெட்டிய ஆன் பண்ண உடனே விண்டோஸைப் போடக்கூடாது. அஞ்சு நிமிஷம் விட்டுப் போடுங்க," என்றேன். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது அந்தப் பொய்.

போன மாதம் தங்கை கல்யாணப் பத்திரிகைக்காகக் கடை திறக்கும் நேரத்துக்கே போனேன். மானிட்டரின் ஓரத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து. "முதலில் லினக்ஸ். ஐந்து நிமிடம் காத்திருக்கவும்."

"சார் வந்து நிக்கிறாரு, சீக்கிரம் போடும்மா," என்று பாய் அவசரப்படுத்தினார்.

"சார் சொன்னதுதான் பாய்," என்றவள் என்னிடம் திரும்பிச் சிரித்தாள். "டெய்லி இப்படித்தான் போடறேன். அதுக்கப்புறம் ஒரு தபாகூட மக்கர் பண்ணல சார்."

அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடமும் நான் பக்கத்திலேயே நின்றேன்.