கம்பளியின் மறுமுனை

1954 தசராக் குஸ்தியில் ஜோகுபாளையம் முனிரத்தினம் தோற்றதற்குக் காரணம் பலக்குறைவு அல்ல. எதிராளியின் மணிக்கட்டு அவன் பிடியிலிருந்து நழுவிவிட்டது. "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா கோதாப் பக்கம் வராதே" என்று குஸ்தி கற்றுக்கொடுத்த உஸ்தாத் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி கன்னியம்மா பட்டாளத்துக் கம்பளிகளைத் துவைத்துப் பிழைப்பவள். மறுநாள் நனைந்த கம்பளியின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள்.

"கெட்டியா புடி மாமா. நீ அந்தப் பக்கம் முறுக்கு, நான் இந்தப் பக்கம் முறுக்கறேன்."

முதல் முறுக்கிலேயே கம்பளி அவன் கையை விட்டுப் போனது.

"உனக்கு அவிச்சுப் போட்ட முட்டையெல்லாம் எங்க மாமா போச்சு?" என்று அவள் சிரித்தாள்.

அன்று முதல் தினமும் காலையில் துவைக்கும் துறையில் இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். அவன் உள்ளங்கை வெடித்தது, பிறகு காய்த்தது. ஒருநாள் முனையை நழுவவிட்டவள் கன்னியம்மா. தோற்ற அவளுக்கு ஆனந்தத்தில் கண் நிறைந்தது.

அடுத்த தசராவில் அதே எதிராளி வந்தான். முனிரத்தினம் அவன் மணிக்கட்டைப் பற்றினான். எதிராளி திமிறினான், துள்ளினான். பிடி தளரவே இல்லை. கடைசியில் அவன் முதுகு மண்ணைத் தொட்டது.

உஸ்தாத் வெற்றிப் பரிசான ஜரிகைத் தலைப்பாகையை முனிரத்தினத்துக்குக் கட்டிவிட்டு, "இந்தக் கையைப் பழக்கினது யாருடா?" என்று கேட்டார். முனிரத்தினம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், தலைப்பாகையை அவிழ்த்து மனைவியின் காய்த்த கைகளில் வைத்தான்.

கன்னியம்மா ஊரே பார்க்கத் தலை நிமிர்ந்து நின்றாள்.

"நீ அந்த முனையைத் தொடாதே மாமா" என்றாள். "ஜரிகைத் துணி. நம்ம ரெண்டு பேர் கைக்கும் தாங்காது."