தருவைகுளத்தில் ஏலம் நின்ற கதை

தருவைகுளம் மீன் ஏலக்கூடத்தின் வாசலில் நிற்கிறேன். ஓய்வுபெற்றபின் நான் நடத்தும் வாட்ஸ்அப் வானிலைக் குழுவின் நண்பர்களை முதல்முறையாக நேரில் பார்க்கப் போகிறேன். ஆதாரம் இல்லாத புயல் செய்தி எதுவானாலும் அழித்துவிடுவேன். அதிகம் அழிபட்டவை இவ்வூர் ராஜாத்தியின் செய்திகள். வரவேற்பு எப்படி இருக்குமோ என்று கலக்கம்தான். என் முகத்தை இங்கே யாரும் பார்த்ததுமில்லை.

'கால் கழுவிவிட்டு உள்ளே வரவும்' என்கிறது பலகை. ஊரே செருப்போடு உள்ளே போகிறது. நான் ஷூவைக் கழற்றி, குழாயைத் தேடிப்பிடித்துக் கால் கழுவுகிறேன்.

"ஏளா, அந்தா நிக்காரு பாரு நம்ம அட்மின்!" சாளை மீன் கூடையை விட்டுவிட்டு ஒரு பெண் ஓடி வருகிறார். "பலகையில எழுதினதைச் செய்யுத ஆளு வேற யாரு இருக்கா!"

"ராஜாத்தியா? உங்கள் செய்திகளை அழித்ததில் கோபமா?"

"இல்லாமயா? நல்லா வைதிருக்கேன் அண்ணாச்சி." பிறகு ஏலக் கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிறார்: "ஏலே, புயல்னு சேதி வந்தா, அட்மின் அழிக்காம விட்டாத்தான் நம்பணும்னு சொல்லுவம்லா? அவரு இவருதான்!"

ஏலம் நின்று, எல்லா முகங்களும் என் பக்கம் திரும்புகின்றன. ஏலத்தை நடுவில் நிறுத்துவது முறையல்ல. இன்று ஒரு நாள் நிற்கட்டும் என்று நிமிர்ந்து நிற்கிறேன்.