நாலாவது பிளக்

இடுக்கி என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். அவரிடம் இருந்தது காய்கறிக் கூடை ஏற்றும் ஒரு பழைய பெட்ரோல் லாரி. டிரைவரும் அவர்தான், மெக்கானிக்கும் அவர்தான். ஒருமுறை எவனோ ஒரு பட்டறைக்காரன் நட்டை அரைகுறையாக மாட்டி அனுப்ப, ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம் கழன்று அவருக்கு முன்னால் உருண்டு போயிற்று. அதற்குப் பிறகு வேறு யார் கையும் அந்த லாரியில் பட்டதில்லை. எதை மாட்டினாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்குவார். வீட்டுக் குழாய், எண்ணெய் பாட்டில், எதுவும் தப்பாது. நீங்கள் செத்தாலும், மூடினதைத் திறக்க நீங்களே திரும்பி வரவேண்டும், அப்போதும் என்னை நிம்மதியாக விடமாட்டீர்கள் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மனைவிக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஆஸ்பத்திரி மெஷினில்தான் ரத்தம் சுத்தமாகவேண்டும். மழைத்தண்ணீர் தெருவை மூடியதில் ஒரு முறை தவறிவிட்டது. இன்றும் தவறினால் நுரையீரலில் நீர் ஏறிவிடும், எப்படியாவது கொண்டுவந்து விடுங்கள் என்று நர்ஸ் போனில் சொன்னார். ஆட்டோக்காரர்கள் கையை விரித்தார்கள். ஆம்புலன்ஸ் வருகிறது வருகிறது என்றார்கள், வரவில்லை. அவ்வளவு தண்ணீரைத் தாண்டும் உயரம் லாரிக்குத்தான் இருந்தது.

லாரியோ இருமியதே தவிர கிளம்பவில்லை. கழற்றிப் பார்த்தார். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் நான்கும் நனைந்து கரி பிடித்துக் கிடந்தன. வாங்கி வைத்திருந்த புதுசை எடுத்து மாட்டத் தொடங்கினார். மூன்று ஏறிவிட்டன. நாலாவது, கை எட்டாத மூலையில் ஒரு ஆழமான குழிக்குள் போகவேண்டும். அவசரத்தில் முதலில் கையால் சுற்றாமல் நேரே ஸ்பேனரில் செருகித் திருகினார். பாதியில் கனத்தது. கனத்தால் இன்னும் முறுக்குவதுதானே அவர் வழக்கம். முறுக்கினார். உள்ளே ஏதோ கடிபட்ட மாதிரி இருந்தது.

வெளியே எடுத்தால் பிளக்கின் திருகு மரையில் வெள்ளை உலோகத் துருவல். கோணலாக ஏறியிருக்கிறது. குழிக்குள் இருக்கும் மரை மெத்தென்ற அலுமினியம்; இன்னொரு தடவை கடித்தால் அந்த ஓட்டை எந்தப் பிளக்கையும் பிடிக்காது. மறுபடி வைக்கப்போனார். கை நடுக்கத்தில் பிளக் சாய்ந்தது. இன்னொரு முறை வைத்தார். அப்போதும் சாய்ந்தது. கடவுளே, என் கையை நிறுத்து, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று பானெட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

வாசற்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவள், சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். வீங்கிய கால் செருப்பில் நுழையாமல் வெறுங்காலாக இருந்தாள்.

"நகருங்க. நான் வைக்கிறேன்."

"உன்னால முடியாதும்மா."

"முடியாதுங்கறதாலதாங்க கேக்கறேன். முறுக்கறதுக்கு என் கையில பலம் ஏது? நேராப் போனா போகும், இல்லன்னா நின்னுடும்."

அவர் பழைய ரப்பர் குழாயில் குழிக்குள் எட்டுகிற நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிளக்கின் தலையில் செருகிக் கொடுத்தார். அவளை ஸ்டூலில் ஏற்றி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னபடி அவள் முதலில் பின்பக்கமாகச் சுற்றினாள், மரையின் வாய் கிடைக்கும்வரை. பிறகு முன்பக்கம். நின்றது. பின்னால் எடுத்தாள். மறுபடி. இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். அந்த இடைவெளிகளில் அவருக்கு உயிர் போய் வந்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு ரப்பர் சுற்றிக்கொண்டே போயிற்று. கடைசியில் அடியில் உட்கார்ந்தது.

அவர் ஸ்பேனரை எடுத்து, வாஷர் நசுங்க அரைச் சுற்று கொடுத்தார். அவ்வளவுதான் வேண்டும். அவர் கை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று துடித்தது.

"போதும், விடுங்க," என்றாள்.

விட்டுவிட்டார். அவர் ஜென்மத்தில் அப்படி விட்டதில்லை.

இன்ஜின் பிடித்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன வழியெல்லாம் ஒரு காது நாலாவது பிளக்கிலும் ஒரு காது பக்கத்து மூச்சிலும் இருந்தது. பிளக் தாங்கியது. ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் அவளுக்குப் பேச்சு நின்றுபோயிற்று. உதடு நீலமாகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினார். நர்ஸ் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மெஷின் ஓடுகிறது, மூச்சு சீராகிறது, கண் விழித்து உங்களைக் கேட்டார்கள் என்றார் நர்ஸ். அவர் கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.