வாய்ச் சோதனை

கிருஷ்ணம்மாளுக்குப் புகையிலை பழகியது பதினெட்டு வயதில். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் பீடி பற்றவைக்க முடியாது என்று அவள் நைனா கன்னத்தில் ஒரு துண்டு அடக்கிக்கொள்வார். அந்தப் பொட்டலத்திலிருந்து கிள்ளியதுதான். நல்ல பழக்கமென்று அவளே சொல்ல மாட்டாள். சுரங்கம் மூடி, புருஷனும் போய்ச் சேர்ந்தபின் ஹெப்பகோடியில் ஒற்றை அறை பிடித்து, எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக மாடி மாடியாகத் துடைக்கிறாள். ஒரு நாள் லேட் கிடையாது.

போன மாசம் புதுச் சட்டம் வந்தது. ஹவுஸ்கீப்பிங்காரர்கள் மட்டும் காலையில் கேட்டில் வாயைத் திறந்து காட்ட வேண்டுமாம். புகையிலை இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. மூன்று தடவை பிடிபட்டால் வேலையே இல்லை. வெளியே டீக்கடையில் சிகரெட்டும் கையுமாக நிற்கும் இன்ஜினியர்கள் வாயை எவன் பார்த்தான்? அவர்கள் போட்ட துண்டுகளைப் பொறுக்குவதும் இவள்தானே! கிருஷ்ணம்மாள் இரண்டு தடவை மாட்டியாயிற்று.

இந்த லட்சணத்தில் இலவசப் பல் முகாம் ஒன்று வைத்தார்கள். வைத்தவர்கள் அடித்த கூத்தைக் கேளுங்கள்: டாக்டர் பக்கத்திலேயே எச்.ஆர். அஷ்வின், மாட்டுகிறவர்கள் பேரை எழுத நோட்டோடு உட்கார்ந்திருந்தான். எவள் வாயைத் திறப்பாள்? வரிசையிலிருந்து, கூட மாடி துடைக்கும் ஷோபா மெல்ல நழுவினாள். அவளுக்கும் அதே பழக்கம். கன்னத்துக்குள் இரண்டு மாசமாக ஆறாத புண், சோறு இறங்கவில்லை. கிருஷ்ணம்மாளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

கிருஷ்ணம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷோபாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாங்க்கா, வேலை போயிடும்."

"சும்மா வாடி."

நாற்காலியில் தானே போய் உட்கார்ந்து, கன்னத்தில் அடக்கிய புகையிலை தெரிய வாயை ஆவென்று திறந்து காட்டினாள். பிறகு கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் போட்டாள்.

"எழுதிக்க சார். கிருஷ்ணம்மா, மூணாவது வாட்டி. இன்னா, நோவு கீதான்னு பாக்க வந்தீங்களா, திருடனைப் புடிக்க வந்தீங்களா? நீ வெளிய போ. போற வரைக்கும் நான் இந்த சேரை வுட்டு எந்திரிக்க மாட்டேன்."

அஷ்வின் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் வாசலைக் காட்டினார். முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஷோபா வாயைத் திறந்தாள். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"இத்தனை நாள் ஏம்மா காட்டல?"

ஷோபாவுக்கு அழுகைதான் வந்தது.

"காட்டினா தண்டனை குடுப்பீங்கோ, அதான் காட்டல டாக்டரம்மா" என்றாள் கிருஷ்ணம்மாள். "சீட்டு எழுதிக் குடுங்க, பெரியாஸ்பத்திரிக்கு நானே இட்டுகினு போறேன். எனக்குத்தான் இன்னிலேந்து வேலையில்லியே."