கிழக்கு நோக்கி நின்ற கார்

என் தாய்மாமன்மீது எங்கள் வீட்டில் ஐயம் பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில். அப்பா காரின் பானெட்டைத் திறந்து, ஒரு கறுப்பு ஹோஸைக் கழற்றி, அதன் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டு எடுத்தார். காற்று மட்டுமே செல்லவேண்டிய குழாய் அது. விரலோ எண்ணெயில் மினுங்கியது. அவர் அந்த விரலை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். பத்து வயதுச் சிறுமியான எனக்கு அதுவே குற்றப்பத்திரிகை வாசித்தது போலிருந்தது.

அந்தப் பழைய டர்போ டீசல் காரை எங்களுக்குக் கொடுத்தவர் மாமா. திருச்செங்கோட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு வடமாநிலங்களெல்லாம் சுற்றியவர். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் சிறு சுழலி. அது தேய்ந்துவிட்டால் காற்றுக் குழாயில் எண்ணெயைக் கக்கும் என்று அப்பா எங்கோ கேட்டிருந்தார். அவர் கணித ஆசிரியர். வண்டியை ஒப்படைத்த நாளன்று மாமா அதே ஹோஸைத் துணியால் துடைத்ததைத் தம் கண்ணால் கண்டிருந்தார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்ததும் தேற்றம் நிறுவப்பட்டுவிட்டது.

“ஏனுங்க, அவன் அப்பிடிப்பட்டவன் இல்லீங்க” என்றார் அம்மா.

“டர்போ போயிருந்துச்சுன்னா உந்தம்பி இனி இந்த ஊட்டுப் படி ஏறக்கூடாது. அவ்வளவுதான்.”

அம்மாவின் பெற்றோர் இருவரும் முன்பே காலமாகிவிட்டனர். பிறந்த வீடு என்று அவருக்கு எஞ்சியிருந்தது அந்த ஒரு தம்பிதான். அன்று குழம்பில் இருமுறை உப்பு விழுந்தது. அப்பா அதைக் குறை கூறாமல் உண்டதும் எனக்கு ஐயத்துக்குரியதாகவே பட்டது.

மறுநாள் அப்பா மாமாவை வரவழைக்க, அவர்களோடு நானும் சேர்ந்து மூவருமாகச் சேலத்துக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் பின்னிருக்கையிலிருந்து மாமாவின் பிடரியைக் கண்காணித்தேன். அவர் வாய்க்குள் பாட்டை முணுமுணுத்தார். மறைக்க ஏதோ இருப்பதால்தான் பாடுகிறார் என்று முடிவு செய்தேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். வியர்க்கிறது போலும் என்று குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது மெக்கானிக் கடை. எல்லோரும் பாய் என்று அழைத்த முதியவர் அதை நடத்திவந்தார். வண்டியை விட்டதும் மாமா தேநீர் வாங்கிவரப் போனார். நழுவுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

பாய் டர்போவின் சிறு விசிறியை இரு விரல்களால் பற்றி ஆட்டிப் பார்த்தார். அது சுழன்றதே தவிர, ஆட்டம் காணவில்லை.

“டர்போ கல்லு மாதிரி இருக்கு சார்.”

“அப்பறம் எண்ணெய் எங்கிருந்து வருது?” அப்பாவின் குரலில் ஏமாற்றம் இருந்தது.

“டர்போவுக்கு முன்னாடி இருக்கற ஹோஸே நனைஞ்சிருக்கு, பாருங்க. எஞ்சின் மூச்சு விடற குழா வந்து சேர்ற எடம் இது. அது வழியாத்தான் தள்ளுது.” பிறகு ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தார். எண்ணெய் மேற்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. “யாரு சார் இவ்ளோ ஊத்துனது?”

“வாராவாரம் பூசை முடிஞ்சதும் நானே பாத்துத்தான் ஊத்தறேன். நேத்துக்கூடக் கொறையாத்தான் காட்டுச்சு.”

“வீட்ல வண்டி எப்படி நிக்கும்?”

“கெழக்குப் பாத்து. வேற பக்கம் நிறுத்த மாட்டேன்.”

“தரை மட்டமா?”

“மட்டந்தான்.”

“இல்லீங்கப்பா, பந்து வெச்சா மேக்கால கேட்டுக்கு உருண்டு ஓடிருமுங்க” என்றேன் நான்.

பாய் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அன்று எனக்கு விளங்காத கணக்கை இன்று எளிதில் சொல்லிவிடலாம். எங்கள் வாசல் கிழக்கே உயர்ந்தது. மூக்கைத் தூக்கி நின்ற காரில் எண்ணெய் பின்புறம் ஓடிவிடும். முன்புறம் இருந்த கம்பியோ குறைவென்று காட்டும். அப்பா ஒவ்வொரு வெள்ளியும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, எண்ணெய் ஊற்றினார். மிகுந்ததை எஞ்சின் மூச்சோடு வெளித்தள்ளியது. அவர் குறையக் கண்டு மேலும் ஊற்றினார். கேள்விக்குச் சரியான விடை கூறிய பெருமிதத்தில் இருந்த எனக்கு இவையெதுவும் எட்டவில்லை.

மாமா தேநீரோடு திரும்பியபோது, மிகையான எண்ணெய் தட்டில் வடிந்துகொண்டிருந்தது. அவர் தட்டை நோக்கினார். பின்னர் அப்பாவின் முகத்தை நோக்கினார். ரிக் வண்டியோடு வாழ்ந்தவருக்கு நடந்தது விளங்க அவ்வளவே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா முந்திக்கொண்டார்.

“தப்பு எம்மேலதானுங்க மச்சான். அந்த மூச்சுக்குழாய நாங் கழுவிக் குடுத்திருக்கோணும். அடைச்சுக் கெடந்திருக்கும்.”

பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குனிந்து நட்டை இறுக்கத் தொடங்கினார். அப்பா தேநீரை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “அம்மா, மாமாவே ஒத்துக்கிட்டாருங்க” என்று அறிவித்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அவர் தொட்டியருகே நின்று, சோப்புப் போட்டுப் போட்டு நெடுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். படியேறக்கூடாத மனிதர் எங்கள் கூடத்தில் அமர்ந்து மூன்று முறை சோறு வாங்கி உண்டார். நான் என் தட்டை அவரிடமிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

மாலையில் மாமா ஊருக்குக் கிளம்பினார். தலைமையாசிரியர் வந்தாலும் வாசல்வரை மட்டுமே வழியனுப்பும் அப்பா, அன்று சட்டையை மாட்டிக்கொண்டு, மாமாவின் பையைத் தாமே தூக்கியபடி பேருந்து நிறுத்தம்வரை நடந்தார். நான் கேட்டின்மேல் ஏறி நின்று பார்த்தேன். பேருந்து வந்தது; மாமா ஏறினார்; பேருந்து திருப்பத்தில் மறைந்தும் போயிற்று. அப்பா மட்டும் வெறும் சாலையைப் பார்த்தபடி அங்கேயே நின்றிருந்தார்.

குற்றவாளி மெய்யாகவே போய்விட்டாரா என்பதை உறுதிசெய்துகொள்ளத்தான் அவ்வளவு நேரம் நிற்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.