மூன்றாம் ஓலையில் ஒரு தடை

எங்கள் சபையில் பெண்களுக்கு ஒரு வாசிப்பு வட்டம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஹாலில் கூடுவோம்; சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம். பதினோரு பேர், ஒரு தூக்குவாளி நிறைய சுக்குக்காபி. என்ன வாசிப்பது என்று முடிவெடுப்பவர் செயலாளர் அக்கா. ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயரானவர், ஆனால் அது இன்னும் அவருக்குத் தெரியாது. ஒரு வருஷமாகப் பொறுமை, தாழ்மை, அடக்கம் என்றே புத்தகம் புத்தகமாக வாசித்ததில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

இதில் எனக்கு ஒரு சுயநலமும் உண்டு. நான் ஒரு நாவல் எழுதியிருந்தேன். 'குற்றாலத்துக்குப் போனவள்'. புருஷனோடு கோபித்துக்கொண்டு ஒருத்தி குற்றாலத்தில் ரூம் எடுத்துத் தங்குகிறாள், சீசன் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புகிறாள், அவ்வளவுதான் கதை. நான் அப்படியெல்லாம் போனதில்லை. அவளையாவது அனுப்பிவைப்போமே என்று எழுதினேன். வேறொரு பெயரைப் போட்டு, தென்காசியிலேயே அச்சடித்தும் விட்டேன். வாங்க ஆளில்லாமல் அத்தனையும் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். பேப்பரில் விலைவாசியைத் தவிர வேறெதையும் அவர் வாசித்து நான் பார்த்ததில்லை. "இத எப்பம்ட்டி காலி பண்ணுவ? பல்லி முட்ட போடுது" என்பார். அவரிடம் போய் வாசித்துப் பாருங்கள் என்று கேட்பேனா? யாராவது ஒரே ஒரு ஆள், எழுதியது நான் என்று தெரியாமல், கடைசிப் பக்கம்வரை வாசிக்க வேண்டும். பிறகு குப்பை என்று சொன்னாலும் சரி. அந்த ஆசை என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மூன்று மாதத்துக்கான புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், செயலாளர் அக்காவின் இரண்டு பக்திப் புத்தகங்களுக்கு நடுவே என்னுடையதையும் வைத்தேன். திருவேங்கடம் பக்கம் யாரோ எழுதியதாம் என்று கூசாமல் ஒரு பொய்யும் சொன்னேன்.

அக்கா அட்டையில் இருந்த அருவியை முறைத்துப் பார்த்தார். "புருஷன விட்டுட்டுப் போற கதையாட்டி?"

"கடைசில திரும்பி வந்துருதாக்கா."

"அப்பம் மனந்திரும்புற கதைன்னு சொல்லு."

"ஆமென்" என்றேன்.

ஆனாலும் அக்காவுக்கு உள்ளூர ஒரு பயம். எங்கள் பக்கத்துச் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், நியாயமான தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் கேட்பார்கள். "புஸ்தகத்துக்கும் அப்பிடியே வாசிச்சிருவோம். பொறவு ஒருத்தியும் என்னக் கொற சொல்லக் கூடாது" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். புதிதாக மாற்றலாகி வந்த எங்கள் ஐயரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

முதல் ஞாயிறு வம்பில்லாமல் கழிந்தது. இரண்டாம் ஞாயிறு ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு கல்யாண ஓலையைத் தொடர்ந்து, "குற்றாலத்துக்குப் போனவள், தடை இருந்தால் சொல்லலாம்" என்பது மட்டும்தான் பின்வரிசையில் கேட்டிருக்கிறது. போதாதா? சாயங்காலமே இலத்தூரிலிருந்து என் நாத்தனார் போன் பண்ணினாள். "மதினி, ஒங்க சபையில ஒரு பிள்ள குற்றாலத்துக்கு ஓடிப் போயிட்டாளாமே? பையன் யாரு, நம்ம ஆளா?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் எழுதியதை ஒரு ஆள்கூட வாசிக்கவில்லை, அதற்குள் என் கதாநாயகி ஊர் வாயில் விழுந்துவிட்டாள்.

மூன்றாம் ஞாயிறு. ஐயர் ஓலைகளை வாசித்தார், புத்தகங்களையும் வாசித்தார். தடை உண்டா என்று கேட்டுவிட்டு வழக்கம்போலத் தாளை மடிக்கப் போனார். ஆண்கள் பக்கம் ஒருவர் எழுந்து நின்றார். பார்த்தால் என் வீட்டுக்காரர்.

"எனக்குத் தடை இருக்கு, ஐயரே."

ஐயருக்கு முகம் வெளிறிப்போயிற்று. "எந்தக் கல்யாணத்துக்கு அண்ணாச்சி?"

"கல்யாணத்துக்கு இல்ல, அந்தக் குற்றாலத்துப் புஸ்தகத்துக்கு. அதுல நாப்பத்திரெண்டாம் பக்கத்துல ஒருத்தன், பொண்டாட்டி வச்ச மீன்கொழம்பத் தின்னுட்டு உப்பு கொறைன்னு சொல்லுதான். நான் அப்பிடிச் சொன்னதே இல்ல. உப்பு கூடன்னுதான் சொன்னேன்."

கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. செயலாளர் அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். "அடிப்பாவி, நீயா எழுதுன?" ஆத்தாடி, எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உப்பு கூடுவதும் குறைவதும் நியாயமான தடை ஆகாது என்று சொல்லி ஆசீர்வாதத்துக்குப் போய்விட்டார். ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே என்னை மொய்த்துக்கொண்டார்கள், அந்த நாற்பத்திரெண்டாம் பக்கத்தை உடனே பார்க்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "இப்பிடியா மானத்த வாங்குவிய? அது கெடக்கட்டும், எப்பம் வாசிச்சிய?"

"கடையிலதான். மத்தியானம் ஆளு வராதுல்லா. ரெண்டு தடவ வாசிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்." சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அவன் அவ்வளவு மோசமான ஆளுன்னு எழுதிருக்க. பொறவு அவ எதுக்குத் திரும்பி வந்தா? சீசன் முடிஞ்சிட்டு, வந்துட்டான்னு ஒரு வரிதான் இருக்கு. அதுவா காரணம்?"

எனக்குச் சுரீரென்றது. எழுதும்போது அந்த ஒரு இடத்தில்தான் எனக்கே காரணம் தெரியாமல் மழுப்பியிருந்தேன். அதைத்தான் இந்த மனுஷன் கண்டுபிடித்திருக்கிறார்.

"அத நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

அவர் பாதி கழற்றிய சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார்.