மீனிடம் மட்டும் பேசுகிறவர்

ஒரு பாரை மீனைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கட்டிய புருஷன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு, "என் ராசாத்தி" என்று கொஞ்சினால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று பிறகு சொல்லுங்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் அபுதாபியில் இருந்தோம். நான் நர்ஸ். அவர் முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஜெனரேட்டர் மெக்கானிக். நான் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அதுவும் அலைச் சத்தத்தை மீறி. அவர் திண்டுக்கல் பக்கம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அதற்கும் சிரிப்புதான் பதில்.

அவருடைய சூப்பர்வைசர் ஓர் அமெரிக்கர். அந்த மனிதருடைய ஊர் ஆற்றில் வசந்த காலம் வந்தால் ஷாட் என்ற மீன் கடலிலிருந்து கூட்டமாக ஏறி வருமாம். நம் உல்லம் மீனுக்கு ஒன்றுவிட்ட தங்கை. இரை எதுவும் கோக்காமல், இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி அதைப் பிடிப்பார்களாம். அபுதாபியில் ஆறு ஏது? ஆனால் முசஃபாவைத் தாண்டி, அலையாத்திச் செடிகளுக்கு நடுவே ஓர் உப்பங்கழி உண்டு. கடல் வற்றத் தொடங்கினால் அதில் தண்ணீர் ஆறு மாதிரியே ஓடும். அங்கே வைத்து என் வீட்டுக்காரருக்கு வீசக் கற்றுக்கொடுத்தார். வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது தூண்டில் கம்பையும் கொடுத்துவிட்டுப் போனார். மகராசன், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமைதான் அங்கே நமக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசையும் அன்றுதான், லீவும் அன்றுதான். எனக்கு டியூட்டி மாறி மாறி வரும். மாதத்தில் இரண்டு வெள்ளி கிடைத்தால் பெரிது. அந்த இரண்டையும் கழி கொண்டுபோனது. வியாழன் சாயங்காலமே பூச்சி கட்ட உட்கார்ந்துவிடுவார். கோழி இறகு, சிவப்பு நூல், பளபளப்புக்கு என் நிச்சயதார்த்தப் பட்டின் முந்தானையிலிருந்து உருவிய ஜரிகை. ஏன் என்று கத்தினேன்.

"பாரைக்குத் தங்கக் கலருன்னா உசுரு" என்றார்.

மீனுக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று தெரிந்திருக்கிறது. எனக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்டிருந்தால் சுவரைப் பார்த்திருப்பார். சரி, மீனாவது வீட்டுக்கு வந்து குழம்பாகுமா என்றால் அதுவும் கிடையாது. பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வருவார். அமெரிக்கர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் பேய் பிடித்திருக்கிறது என்று ஆளை அந்தோணியார் கோயிலில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள்.

ஒரு மார்ச் மாதத்தில் எனக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. என்னோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்க்கொண்டிருந்த காலம். நான் முதலில் தனியாகப் போக வேண்டும்; அவருக்கு எப்போது விசா வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். உண்மையில் எனக்குப் போக மனமில்லை. போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவேன். ஆனால் அதை அவராகச் சொல்ல வேண்டும். கேட்டு வாங்க மாட்டேன். எனக்கு வீம்பு அதிகம்.

"அயர்லாந்துல இருந்து கூப்பிட்டாச்சு. என்ன செய்யட்டும்?" என்றேன், சாப்பிடும்போது.

"உன் இஷ்டம்."

"உங்களுக்கு ஒண்ணும் சொல்ல இல்லியா?"

"நல்ல வேலைதான? உன் இஷ்டம்" என்று தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று பாத்திரம் கழுவிய சத்தம் பக்கத்து ஃப்ளாட் வரை கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். அங்கே வைத்து ஒரு நல்ல சண்டை போடுவதாகத்தான் திட்டம். வெயில் இன்னும் ஏறவில்லை, காற்றில் கொஞ்சம் குளிர் மிச்சம் இருந்தது. கொஞ்ச தூரத்தில் இரண்டு மூன்று பெங்காலிகள் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் பாயை விரித்து உட்கார்ந்தேன். அவர் இறங்கி வீச ஆரம்பித்தார். நூலைத் தலைக்குப் பின்னால் எறிந்து, அது முழுதாக விரியும் வரை பொறுத்து, பிறகு முன்னால் விட்டார். அழகாகத்தான் இருந்தது. வீட்டில் ஒரு பல்பு மாற்ற ஒரு வாரம் யோசிப்பவருக்கு இங்கே மட்டும் எங்கிருந்து வந்தது இந்தக் கை என்று எரிச்சல் இன்னும் கூடியது.

கம்பு வளைந்தது. நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அப்போது அவர் பேச ஆரம்பித்தார்.

"வாம்மா, வா. ஓடணுமா? ஓடிக்க. நான் எங்க போயிரப் போறேன், இங்கதான் நிக்கிறேன். அப்படித்தான். வலிக்குதா? இந்தா முடிஞ்சிருச்சு. வா, என் ராசாத்தி."

நான் எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைக்காத பேச்சு முழுவதையும் ஒரு மீனுக்குக் கொட்டிக்கொண்டிருந்தார். என்ன பொறாமை வந்தது எனக்கு! காது சூடாகிவிட்டது. சக்களத்தி என்று ஒருத்தி இருந்தால் முடியைப் பிடித்து இழுக்கலாம். இதற்கு எதைப் பிடிப்பது?

தூண்டில் முள்ளைக் கழற்றியதும் மீனை அப்படியே விட்டுவிடவில்லை. கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிறவர்கள் பக்கத்தில் நான் நிற்பதும் இப்படித்தான். "மூச்சு வாங்கிக்க, என் ராசாத்தி. அப்புறம் போகலாம்" என்றார். செவுள் சீராக அசைந்தது. ஒரு துள்ளலில் போய்விட்டது. அவர் வெறுங்கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே அது போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்த முகம்.

நான் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினேன்.

"பிடிச்சத ஏன் விடுதீங்க?"

"பிடிச்சு வச்சா அது செத்துரும்ல" என்றார்.

"நான் மீன் இல்ல" என்றேன். "கேட்டுதா? என்னை விட்டா நான் நிசமாவே போயிருவேன். அங்க எனக்கு யாரு இருக்கா?"

அவர் திரும்பியபோது அக்குளிலிருந்த கம்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதை அவர் பார்க்கவில்லை. வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"போகாத" என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க."

பெங்காலிகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அது போதவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.